இரண்டு கதவுக்கு ஒரே நம்பர்

திங்கட்கிழமைகளில் வள்ளியம்மா அத்தை காலைக் கறவை முடிந்ததும் குளித்து, கஞ்சி போட்ட நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்னத் தூக்கில் தயிரும் எடுத்துக்கொண்டு கிள்ளான் டவுனுக்குப் பஸ் ஏறுவார். வீடமைப்புத் திட்ட அலுவலகத்தில் ஓர் ஆளைத் தேடித்தான் அந்தப் பயணம். 1991 மே மாதம் நான் ஊர் திரும்பியபோது, அவர் தேடத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வழியில்லை. அப்படி ஓர் ஆள் இருந்ததே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அம்பாங்கில் ஒரு லோரி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து அவர் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் கூடிப் பேசியபோது, நகையைத் திருப்பிக் கேட்கலாமா, மாதம் ஏதாவது கொடுக்கச் சொல்லலாமா என்று அத்தையிடம் விசாரித்திருக்கிறார்கள். அத்தை, “கொட்டாயில நிக்கிற பசுவக் குடுக்கச் சொல்லுங்க, நான் போறேன்” என்றாராம். ஓடு ஏற்றிப் போன ஒரு லோரியின் பின்னால், பசுவின் கயிற்றைப் பிடித்து நின்றபடியே அம்பாங்கிலிருந்து எங்கள் ஊர் மேருவுக்கு வந்து இறங்கினார். அது 1968. எனக்கு அப்போது மூன்று வயது.

மேருவில், பழைய ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில், எங்களைப் போல் பதினாறு குடும்பங்கள் மாடு வளர்த்தன. நிலம் யாருக்கும் சொந்தமில்லை. வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பித்துக்கொண்டு இருந்தோம். அப்பா இராமலிங்கம் தங்கையைப் பார்த்ததும், “வீட்டுல இரு” என்றார். “இருக்கேன். நடுவுல ஒரு செவுரு வச்சுக் குடுண்ணே” என்றார் அத்தை. அப்பா பலகை அடித்தார். கிழக்குப் பக்கம் அத்தைக்கென்று ஒரு கதவு வந்தது. ஓர் அடுப்பும் வந்தது. சுவரில் ஒரு பலகையை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தார்கள். அதன் வழியாகக் கருவாட்டுக் குழம்பு இந்தப் பக்கம் வரும்; தோசை அந்தப் பக்கம் போகும். ஆனால் அரிசி அவர் அரிசி, விறகு அவர் விறகு. எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்த பிறகு, பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் அந்தப் பக்கம் போய்த்தான் தலை பின்னிக்கொள்வேன்.

ஒரு பசு மூன்றாயிற்று. சைக்கிளில் கிள்ளான் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தயிர் ஊற்றினார். யாராவது சீண்டினால் அவரே சிரித்துக்கொண்டு, “நான் தும்பாங்தானே லா. அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன்” என்பார். அடுத்தவர் வண்டியில் கொஞ்ச தூரம் ஏறிக்கொள்வதையும், அடுத்தவர் வீட்டில் கொஞ்ச நாள் ஒண்டிக்கொள்வதையும் எங்கள் பேச்சில் தும்பாங் என்றுதான் சொல்வோம். அத்தை சொன்னால் அது வேடிக்கை. அடுத்தவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு வாரம் தயிர் கிடையாது.

அந்த வருஷம் ஆகஸ்டுக்குள் நிலத்தைக் காலி செய்யவேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்தது. நம்பர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கப்பார் போகிற சாலையில் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு. நம்பர் என்பது 1984-இல் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவு நிலையில் சிவப்புச் சாயத்தில் எழுதிப்போனது. எங்கள் கதவில் பதினொன்று என்று இருந்தது. அத்தையின் கதவில் ஒன்றும் இல்லை.

நான் ஏழு வருஷம் வெளியே இருந்தேன். லண்டனில் தாதிப் படிப்பைப் பாதியில் விட்டேன். ஆம்ஸ்டர்டாமில் ஓட்டல் அறைகளைப் பெருக்கினேன். டார்வினில் இறால் உரித்தேன். எந்த இடத்திலும் மூன்று வருஷம் தாண்டியதில்லை. அப்பா இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது காரியமே முடிந்திருந்தது. இப்போதும் மூன்று வாரம் இருந்துவிட்டு டார்வினுக்கே திரும்புவதாகத்தான் வந்தேன்.

வந்து பார்த்தால் வீடு பாதி அவிழ்ந்த மூட்டையாக இருந்தது. அண்ணன் வேலாயுதம் மேரு தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். எட்டு மாடுகளை ஜெஞ்சாரோம் ஊர்க்காரர் ஒருவருக்கு விலை பேசியிருந்தார். வாரத்துக்கு இரண்டாக லோரியில் ஏற்றிப் போனார்கள். கொட்டகைத் தகரங்களில் எது நல்லது, எது துரு என்று சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார். ரமணி அண்ணி இன்னும் கண்ணால் பார்க்காத வீட்டின் ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சாவது மாடியாம். அரிசி மூட்டைய யாரு தூக்குறது?” என்றார் அண்ணி.

“லிஃப்ட் இல்லையா அண்ணி?”

“லிஃப்டாம். கேக்குறா பாரு லண்டன்காரி.”

இரண்டு படுக்கையறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும், மற்றொன்றில் மூன்று பிள்ளைகள். “அத்தை ஹால்ல படுத்துக்குவாங்க” என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. “நான் ஹால்ல படுக்க மாட்டேன் வேலு. எனக்குத் தரை வீடா குடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். வாசல்லயே தயிர் விப்பேன்.”

அவர் பக்கத்தில் ஒரு சாமானும் கட்டப்படவில்லை. மூன்று பசுக்களை விற்கத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். ஜெஞ்சாரோம்காரரிடமே பால் வாங்கித் தயிர் போடுவதாகப் பேசியும் வைத்திருந்தார். கதவை மட்டும் விடவில்லை.

மறுநாள் காலை பால் கறந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார். நான் பசுவின் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

“பாப்பா, தம்புசாமி வீடும் அவரு தம்பி வீடும் ஒரே செவுருதானே. அவங்களுக்கு மட்டும் எப்பிடி ரெண்டு நம்பர்? ஆபீஸ்ல கேட்டா, அப்பிடி ஒரு ரூல்ஸே இல்லைங்கிறாங்க. ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு நம்பர்தானாம். அப்போ அன்னைக்கு, ரெண்டு கதவுக்கும் ஒரே நம்பர்தான்னு சொன்னானே ஒரு ஆபீசர், அவன் யாரு?”

நான் பசுவின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தேன்.

“நீதான் அன்னைக்கு வீட்டுல இருந்த. எப்பிடி இருப்பாரு? வயசானவரா? மீசை இருந்துச்சா?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். “மீசை இருந்துச்சுன்னு நெனைக்கிறேன் அத்தை” என்றேன்.

நடந்தது இதுதான். 1984-இல் கணக்கெடுக்க வந்த அன்று எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. லண்டனுக்குத் தாதிப் பிள்ளைகளை அனுப்பும் ஒரு முகவர் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். இரவெல்லாம் மழை, கொட்டகையிலிருந்து வாசல்வரை சாணச் சேறு. நான் வெள்ளைச் சட்டை போட்டு, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வந்தார்கள். அப்பாவும் அண்ணனும் பால் ஊற்றப் போயிருந்தார்கள். அத்தை புல்லறுக்கப் போயிருந்தார். போகும்போது அவர் சொன்னது தெளிவாக நினைவிருக்கிறது. “ஆளுங்க வந்தா எனக்குன்னு தனியா ஒரு பாரம் வாங்கி எழுதிடு பாப்பா. என் ஐசி கார்டு அரிசி டின்னுல இருக்கு.”

வந்தவர்கள் இரண்டு பேர், என்னைவிடச் சற்றே பெரிய பையன்கள், யாருக்கும் மீசை இல்லை. என் மலாய் நன்றாக இருந்ததால் பாரத்தை என்னிடமே கொடுத்து எழுதச் சொன்னார்கள். எழுதி முடிக்கும்போது ஒருவன் கிழக்குக் கதவைக் காட்டி, அது தனிக் குடும்பமா என்று கேட்டான். தனி என்றால் இன்னொரு பாரம். அந்தச் சேற்றைச் சுற்றிப்போய், கதவைத் திறந்து, அரிசிக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுக்கவேண்டும். மறுபடியும் இரண்டு பக்கம் எழுதவேண்டும். பஸ் வர எட்டு நிமிடம் இருந்தது. “இல்லை, எங்கள் வீட்டோடுதான்” என்றேன். அத்தையின் பெயரை எங்கள் பாரத்தில் கடைசி வரியில் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் தும்பாங்குக்கு முறையான மலாய்ச் சொல்லான ‘மெனும்பாங்’ என்று போட்டேன். அவரே தினம் சொல்கிற வார்த்தைதானே என்று ஒரு சமாதானமும் அப்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் எங்கள் கதவு நிலையில் பதினொன்று என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் அத்தை, “என் கதவுல நம்பரக் காணோமே?” என்றார்.

“ரெண்டு கதவுக்கும் ஒரே நம்பர்தானாம் அத்தை. ஆபீசர் சொல்லிட்டாரு.”

ஆபீசர் சொல்லிவிட்டால் சரி என்று அத்தை ஏழு வருஷம் இருந்தார். நான் மூன்றே மாதத்தில் விமானம் ஏறினேன்.

நான் சொன்ன மீசையைப் பிடித்துக்கொண்டு அத்தை அடுத்த திங்கட்கிழமை போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைத் தேடினார்.

“கண்டுபுடிச்சிட்டேன். ஹம்சான்னு பேரு. நல்லா பெரிய மீசை. அந்தக் காலத்துல கணக்கெடுக்குற வேலைக்கெல்லாம் போயிருக்காராம், அவரே சொல்றாரு.”

“அவரு ஒத்துக்கிட்டாரா?”

“ஞாபகம் இல்லைங்கிறாரு. எத்தனையோ வீட்டுக்குப் போனேன்மாங்கிறாரு. எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஞாபகம் இருக்குய்யான்னு வந்துட்டேன். கூட வந்த சபாபதி அங்கயே உக்காந்து ஒரு புகார்க் கடுதாசி எழுதிக் குடுத்துட்டாரு. ஹம்சாவோட மேலதிகாரி வாங்கி வச்சுக்கிட்டாரு.”

சபாபதி எங்கள் பகுதிக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். கடிதம் எழுதினால் நகல் எடுத்து ஐந்து இடத்துக்கு அனுப்புகிறவர்.

“இனி அவருக்கு என்னாகும் அத்தை?”

“விசாரிப்பாங்களாம். டிசம்பர்ல ரிட்டையராவுறாராம்.” அத்தை தூக்கை இறக்கி வைத்தார். அது காலியாக இருந்தது. “பாவம், நல்ல மனுசன் மாதிரிதான் தெரியுது. தயிர வாங்கிக்கிட்டாரு, நன்றியெல்லாம் சொன்னாரு. ஆனா சொன்னது சொன்னதுதானே. அவரு ஒரு வார்த்த சொன்னதுக்கு நான் ஹால்ல படுக்கணுமா? அடுத்த திங்கக்கெழம நீயும் வா. ஆளப் பாத்துச் சொல்லு.”

அந்த வாரம் முழுக்க நான் வேலை செய்தேன். மாமரத்தடியில் கிடந்த பழைய பாட்டில்களைக் கழுவி அடுக்கினேன். துணிமூட்டை கட்டினேன். அம்மியைப் புரட்டி வாசலுக்குக் கொண்டுவந்தேன். “ஊர் சுத்துனாலும் வேலைக்கு அஞ்சாத பொண்ணு” என்று அண்ணி பக்கத்து வீட்டில் சொல்வது காதில் விழுந்தபோது, கையிலிருந்த பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஒரு தடவை அத்தையின் கதவுவரை போனேன். செவ்வாய்க்கிழமை அவர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் அதையே சாக்காக வைத்துத் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கவுண்டருக்கு முன்னால் நின்றோம். ஹம்சா உள்ளே இருந்து வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. மீசை நிஜமாகவே பெரியது; நரைத்திருந்தது. அத்தையைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இந்தப் பெண்ணாவது சரியாகச் சொல்வாள் என்று காத்திருக்கும் முகமாக இருந்தது.

“இவருதானே பாப்பா?”

“இவரு இல்ல அத்தை.”

“நல்லாப் பாரு. அப்போ மீசை கறுப்பா இருந்திருக்கும்.”

“இவரு இல்ல. யாருமே அப்பிடிச் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. “நீ என்ன சொன்ன?”

பஸ்ஸைச் சொன்னேன். சேற்றைச் சொன்னேன். அரிசி டின்னைத் தொடவே இல்லை என்பதைச் சொன்னேன். பாரத்தில் எழுதிய வார்த்தையை மெதுவாகச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். அத்தை என்னை அடிக்கவில்லை, அழவுமில்லை. முந்தானையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப சொன்னத அவருகிட்ட மலாயில சொல்லு” என்றார். “ஒண்ணு விடாம. அவருக்கு விளங்கணும்.”

சொன்னேன். ஹம்சா கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பழைய கோப்போடு வந்தார். பதினொன்றாம் நம்பர். கடைசி வரியில் என் கையெழுத்து, அவசரமாகச் சாய்ந்த எழுத்து. அவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து அத்தைக்குக் காட்டினார். அத்தைக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. ஆனாலும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

வழி இருக்கிறது என்றார் ஹம்சா. எழுதினவள் சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். இப்போதைய குடும்பத் தலைவர் என்ற முறையில் அண்ணனும் போடவேண்டும். குழு கூடிப் பார்க்கும். தேவைப்பட்டால் என்னை விசாரணைக்குக் கூப்பிடும். நான் நாட்டில் இருக்கவேண்டும். கொடுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. தரை வீடுகள் எல்லாம் குலுக்கலில் போய்விட்டன என்று மட்டும் சொன்னார். பிரமாணத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அத்தை கொடுத்த புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பஸ்ஸில் அத்தை எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது.

அன்று மாலை அண்ணன் கையெழுத்துப் போடத் தயங்கினார். “லிஸ்ட்ட நோண்டப் போயி என் வீட்டையும் புடுங்கிட்டா?”

“உங்க தங்கச்சி எழுதுனதுக்குத்தான் அவங்க அஞ்சு மாசமா அலையுறாங்க” என்றார் அண்ணி. “போடுங்க. இல்லாட்டி நான் ஹால்ல படுக்குறேன், அவங்க உள்ள படுக்கட்டும்.” அண்ணன் போட்டார். பிறகு என்னிடம், “ஒரு பாரம்தானே குட்டி. எழுதியிருக்கலாம்ல” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

அத்தை ஒரே ஒரு காரியம் சொன்னார். சபாபதியின் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஹம்சாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போகவேண்டும். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் மலாயில் எழுதினேன். “என் வீட்டுப் பொண்ணு பொய் சொல்லிட்டா, நான் அத நம்பிட்டேன்னு எழுது.” அப்படியே எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசியில் லோரி வந்தது. குழுவின் பதில் வரவில்லை. அத்தையின் மூன்று பசுக்களும் இரண்டு நாள் முன்பே ஜெஞ்சாரோம் போய்விட்டன. அவர் தன் பக்கத்துச் சாமான்களைக் கடைசி நாள் காலையில்தான் கட்டினார். ஐந்து மாடி ஏறி, அண்ணன் வீட்டு ஹாலில், ரமணி அண்ணி தைத்த திரையின் கீழ் பாயை விரித்தார். நான் பிள்ளைகளின் அறையில் படுத்தேன். கதவைத் திறந்து வைத்தாலும் அவரைப் பார்க்கவேண்டும். சாத்தினாலும் அவர் அங்கே இருப்பது தெரியும். காலையில் அவர் எழுந்து பாயைச் சுருட்டிய பிறகுதான் மற்றவர்கள் ஹாலுக்குள் வரமுடியும். அதனால் அவர் எல்லோருக்கும் முன் எழுந்துவிடுவார். பால் கறக்க மாடு இல்லாமலே ஐந்து மணிக்கு எழுந்து, சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு நாள்தான் நான் முன்னதாக எழுந்து அதைப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருப்பதற்காகவே விடியும்வரை படுத்துக்கிடந்தேன்.

டார்வினுக்கு எழுதி வேலையை விட்டேன். கிள்ளானில் ஒரு மருந்தகத்தில் சேர்ந்தேன். விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் அதே பஸ்ஸை, அதே சேற்றைச் சொன்னேன். அத்தை என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்பார், மழை வருது குடை எடுத்துக்க என்பார். ஆனால் அந்த ஏழு வருஷத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டாவது கட்டடத்தில், மூன்றாம் மாடியில், வள்ளியம்மா என்ற பெயரில் ஒரு வீடு. கூடவே நான்கு பக்கத்தில் ஒரு பாரம், பூர்த்தி செய்து கையெழுத்தோடு கொடுத்தால் சாவி.

அண்ணன் வேலையில் இருந்தார். அத்தை அந்தப் பாரத்தை என்னிடம்தான் கொடுத்தார். அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார். நான் ஒவ்வொரு கட்டமாக, மெதுவாக, அச்சடித்த மாதிரி எழுதினேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர். எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று. முடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன்.

அத்தை பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. பாரத்தை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பைப் போட்டார்.

“எங்க அத்தை?”

“கீழ சபாபதி வீட்டுக்கு. ஒரு தடவ படிச்சுக் காட்டச் சொல்லிட்டு வரேன்.”

ஐந்து மாடி அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் மேசையிலிருந்து எழவில்லை. அரைமணி நேரம் கழித்து, மூச்சு வாங்க, கையெழுத்துப் போட்ட பாரத்தோடு ஏறி வந்தார்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கியாம்” என்றார்.